பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து முடிவெடுங்கள்: சிறு வானொலிக்கான நான்கு ஒலிபரப்பு மென்பொருள்கள்

சித்திரை, வைகாசி மாலைகளில் சேர்வராயன் மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தால், சேலத்தில் அடுத்து கரண்ட் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வானொலி நிலையத்துக்கு ஆட்டோமேஷன் மென்பொருள், அதாவது ஆள் இல்லாதபோதும் பாட்டையும் நிகழ்ச்சியையும் நேரப்படி ஓட்டும் மென்பொருள் தேடுகிறவர்கள்தான் அதை மறந்துவிடுகிறார்கள். திரை அழகாக இருக்கிறதா, ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று இழைந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். இழைவது எல்லா மென்பொருளிலும் இழையும். கரண்ட் போய் வந்தபின் யாரும் தொடாமல் தானாக எழுந்து, அந்த நேரத்துக்கு உரிய நிகழ்ச்சியைப் பாடுமா என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியும்.

இந்த மதிப்பீடு 100 வாட் சமுதாய வானொலியை மனதில் வைத்து எழுதியது. மூன்று நான்கு பேர் வேலை செய்வார்கள், இரவு எட்டு மணிக்கு மேல் ஸ்டூடியோவில் ஆள் இருக்காது, கையில் பணம் அதிகம் இருக்காது. அதனால் காசில்லாமல் கிடைக்கும் நான்கை எடுத்துக்கொண்டோம்: ஜாராரேடியோ, ரேடியோடிஜே, ரிவெண்டெல், லிப்ரேடைம். முதல் இரண்டும் விண்டோஸ், பின்னவை இரண்டும் லினக்ஸ். பெரிய தனியார் எஃப்எம் கூட்டமைப்புகள் வைத்திருக்கும் ஜெட்டா போன்றவை வேறு உலகம். உரிமக் கட்டணம் கேட்டாலே சிறு நிலையத்தின் ஆண்டுச் செலவு நினைவுக்கு வரும்.

முதலில் சோதனை. மென்பொருளை நிறுவி, ஒரு நாள் பட்டியலை ஏற்றுங்கள். கணினியின் பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பினால் தானாக இயங்கு என்ற விருப்பத்தைப் போடுங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போகும்படியும், மென்பொருள் தானாகத் திறக்கும்படியும் வையுங்கள். பிறகு மணி 6.52க்கு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, யுபிஎஸ்ஸையும் சேர்த்து பிளக்கைப் பிடுங்குங்கள். 6.58க்குச் செருகுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். 7 மணிக்கு வரவேண்டியது வந்ததா? இதை மூன்று முறை செய்யுங்கள். ஒரு முறை தப்பிப்பது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

இந்தச் சோதனையில் ரிவெண்டெல்லுக்கு முதலிடம் கொடுக்கக் காரணம், இந்தச் சூழ்நிலையை நினைத்தே அதில் அமைப்புகள் வைத்திருக்கிறார்கள். அமைப்புகளுக்கான ஆர்டிஅட்மினில், ஒலிபரப்புத் திரையான ஆர்டிஏர்பிளேயின் பக்கத்தைத் திறந்தால், தொடங்கும்போது எந்த லாக்கை (ஒரு நாளின் ஒலிபரப்புப் பட்டியலை) ஏற்ற வேண்டும், எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்று தனித்தனியே கேட்கும். முறையாக மூடாமல் நின்றுபோயிருந்தால் லாக்கை மறுபடி ஓட்டு என்று ஒரு விருப்பமும் உண்டு. முந்தைய லாக், ஆட்டோமேட்டிக் நிலை, மறு ஓட்டம் ஆகிய மூன்றையும் போட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு, ரிவெண்டெல் எழவில்லை என்று குறை சொல்பவர்களே அதிகம்.

லிப்ரேடைம் இதை வேறு விதமாகக் கையாள்கிறது. அதற்குப் பட்டியலைவிடக் கடிகாரம்தான் முக்கியம். எழுந்தவுடன் இப்போது மணி என்ன, இந்த நேரத்தில் எது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பார்த்து, பாட்டின் நடுவிலேயே சேர்ந்துகொள்ளும். கேட்கிறவருக்குப் பாதிப் பாட்டு, நேரம் மட்டும் தவறாது.

ரேடியோடிஜேயில் வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்று: விண்டோஸ் எழுந்ததும் ரேடியோடிஜே முந்திக்கொள்ளும். அதற்கு அடியில் இருந்து பாட்டு விவரங்களைத் தர வேண்டிய மரியாடிபி டேட்டாபேஸ் அப்போதுதான் கண் விழித்திருக்கும். இணைப்புப் பிழை என்று ஒரு பெட்டி திரையில் நிற்கும், ஓகே அழுத்த ஆள் வரும்வரை அலைவரிசை ஊமை. ஸ்டார்ட்டப் கோப்புறையில் போடாமல், டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு நிமிடத் தாமதத்தோடு திறக்கச் செய்தால் சரியாகிவிடும். எழுந்ததும், தானாகப் பாட்டு ஓட்டும் ஆட்டோடிஜேயும் நேரம் குறித்து வைத்த ஈவென்ட்களும் இயங்கும் நிலையில் இருக்கின்றனவா என்று அமைப்புப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாராரேடியோவுக்கு டேட்டாபேஸே கிடையாது, ஆகவே பழுதாகவும் ஒன்றுமில்லை. கால் மணிக்கு ஒன்றாக உடனடி வகை ஈவென்ட்களை வைத்துவிட்டால், மிக மோசமான நாளிலும் மௌனம் கால் மணியைத் தாண்டாது. பழைய 2 ஜிபி ரேம் கணினியிலும் ஓடும். ஆனால் பாட்டு சுழற்சிக்கு விதி வைக்க வழியில்லை. கோப்புறையிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துப் போடும், அவ்வளவுதான். நிலையம் தொடங்கும் முதல் ஆறு மாதத்துக்கும், அவசரக் கையிருப்புக் கணினிக்கும் ஏற்றது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடுத்தது நேரக் கணக்கு. 6 மணிக்குத் தொடங்கும் ஒரு மணி நேரத்துக்கு ஏற்றிய பட்டியல் சரியாக 60 நிமிடத்தில் முடியவே முடியாது. 58 நிமிடம் 20 விநாடி வரும், அல்லது 61 நிமிடம் 40 விநாடி. 7 மணிக்கு உழவர் சந்தை விலை நிலவரம் என்று அறிவித்திருந்தால் அந்த ஒரு நிமிடம் நாற்பது விநாடியை என்ன செய்வது? ரிவெண்டெல் ஒவ்வொரு வரிக்கும் கறாரான தொடக்க நேரம் வைக்கலாம் என்கிறது, அதிலும் மூன்று வகை: ஓடுவதை நறுக்கிவிட்டு உடனே தொடங்கு, அடுத்ததாக வரிசையில் வை, இத்தனை நிமிடம் வரை பொறு, அதற்குள் முடியாவிட்டால் நறுக்கு. சூரமங்கலத்தில் தக்காளி விலைக்காகக் காத்திருப்பவருக்கு ஒரு நிமிடம் தாமதமானால் குடி முழுகாது. ஆகவே மூன்றாவது வகையைப் போட்டு, பொறுக்கும் நேரம் 3 நிமிடம் என்று வைப்பதே கேட்பதற்கு இதம். ஆகாசவாணிச் செய்தியை வரும் நேரத்திலேயே எடுத்து ஒலிபரப்பும்போது மட்டும் முதல் வகை; அங்கே நமக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஜாராரேடியோவிலும் உடனடி, தாமதம், அதிகபட்சக் காத்திருப்பு என்று இதே கருத்து சுருக்கமாக இருக்கிறது. ரேடியோடிஜேயில் ஈவென்ட் மூலம் வரிசையின் தலையில் செருகலாம், அல்லது உடனே ஓட விடலாம்.

லிப்ரேடைம் இங்கே கொஞ்சம் முரடு. நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தால் முடிந்ததுதான், மீதியை வெட்டிவிடும். மாறாக, 60 நிமிடப் பெட்டியில் 52 நிமிடச் சரக்கு போட்டால் மீதி எட்டு நிமிடம் வெறும் மௌனம். நிகழ்ச்சி அமைப்பில் ஒரு பட்டியலைத் தானாக ஏற்றவும், பெட்டி நிறையும்வரை திரும்பத் திரும்பப் போடவும் விருப்பம் உண்டு. அதைப் போடாமல் ஒரு நிகழ்ச்சியையும் சேமிக்காதீர்கள்.

எந்த மென்பொருளானாலும் நாதஸ்வரம், வீணை, புல்லாங்குழல் என்று மூன்று முதல் ஐந்து நிமிட இசைத் துண்டுகள் குறைந்தது முப்பது கையில் இருக்கட்டும். பாதியில் நறுக்கினாலும் காதை உறுத்தாதது வாத்தியம் மட்டுமே. பேச்சை நறுக்கினால் ஊரே போன் செய்யும்.

தினமும் மாறும் கோப்பு இன்னொரு கண்ணி. விலை நிலவரத்தை ஒரே பெயரில் தினம் காலையில் மேலெழுதிவிட்டு, மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும் என்று நினைப்பது இயல்பு. ரேடியோடிஜே ஒவ்வொரு கோப்பின் நீளத்தையும் தொடக்க, முடிவுக் குறிகளையும் டேட்டாபேஸில் எழுதி வைத்துக்கொள்கிறது. நேற்று பதிவு 2 நிமிடம், இன்று 3 நிமிடம் என்றால், கத்தரிக்காய் விலை சொல்லி முடிந்ததும் அடுத்த பாட்டு புகுந்துவிடும். பெரிய வெங்காயம் அம்போ. இதற்கென்றே மாறும் நீளக் கோப்பு என்று ஒரு வகை அதில் இருக்கிறது. கோப்பை ஏற்றும்போது சாதாரண இசை வகையாக விட்டுவிடாமல் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரிவெண்டெல்லில், போட்டதைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் டிராப்பாக்ஸ் கோப்புறை ஒன்று அமைத்து, அதில் விழுவதெல்லாம் குறிப்பிட்ட கார்ட் (ஒரு உருப்படிக்கான எண்ணிட்ட உறை) எண்ணுக்குப் போக வேண்டும், போகுமுன் பழைய கட் (கார்ட்டுக்குள் இருக்கும் பதிவு) அழிய வேண்டும் என்று வைத்துவிடலாம். காலையில் பதிவு செய்தவர் கோப்பை அங்கே போட்டால் போதும், ரிவெண்டெல்லைத் தொடவே வேண்டாம். பள்ளி மாணவர்கள் வந்து போகும் நிலையத்தில் இந்த ஒரு வசதிக்காகவே ரிவெண்டெல் பழகலாம்.

விளம்பரத்துக்கும் முடிவுத் தேதி முக்கியம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஜவுளிக்கடை கொடுத்த ஆடித் தள்ளுபடி ஸ்பாட், ஆவணியில் ஓடினால் கடைக்காரருக்கும் சங்கடம், நிலையத்துக்கும் வெட்கம். ரிவெண்டெல்லில் கட் ஒவ்வொன்றுக்கும் தொடக்க, முடிவுத் தேதியும் ஒரு நாளில் எந்த நேரப் பகுதியில் ஓடலாம் என்பதும் வைக்கலாம். ஒரே கார்ட்டுக்குள் நான்கு கட் போட்டால் சுழற்றிக்கொள்ளும். ரேடியோடிஜேயிலும் தேதி வரம்பும் ஓடும் எண்ணிக்கை வரம்பும் உண்டு. ஜாராவில் கோப்பை நீங்களே எடுத்து வெளியே போட வேண்டும், அதாவது யாரோ ஒருவர் மறக்காமல் இருக்க வேண்டும். சமுதாய வானொலிக்கான விளம்பர நேரத்தை 2024இல் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 ஆக உயர்த்தினார்கள். அரசு விளம்பரக் கட்டணமும் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆனது. பில் அனுப்பினால் எப்போது ஓடியது என்ற பட்டியலும் கூடவே போக வேண்டும். ரிவெண்டெல்லின் அறிக்கைகள் பெரும்பாலும் அமெரிக்க ராயல்டி அமைப்புகளின் வடிவத்துக்கு எழுதப்பட்டவை. நமக்கு அதில் நேரடியாக உதவுவது குறைவு. ஓடிய பட்டியலை எடுத்து விரிதாளில் போட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். ரேடியோடிஜேயின் வரலாற்றுப் பட்டியல் இந்த வேலைக்கு எளிது.

இனி தமிழ். வெளிநாட்டு மதிப்பீடுகளில் இது வராது, நமக்கோ இதில்தான் பாதி நாள் போகும். பழைய பாட்டுச் சேகரிப்புகளில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த பெயர்கள் இருக்கும். எந்த மென்பொருளில் ஏற்றினாலும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். ரிவெண்டெல் 3ஆம் பதிப்பிலிருந்து யுனிகோடைச் சரியாகக் கையாள்கிறது. மரியாடிபி அமைப்பில் எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்று இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும், பிறகு திரும்பி வராது.

இதைவிட நுட்பமான சிக்கல் பாடகர் பெயரில். ஒரே பாடகர் ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வரக்கூடாது என்று ரேடியோடிஜேயில் விதி வைக்கிறீர்கள். ஆனால் சேகரிப்பில் எஸ்.பி.பி., எஸ்பிபி, எஸ்.பி.பாலசுப்ரமணியம் என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறது. மென்பொருளைப் பொறுத்தவரை மூவரும் மூன்று பாடகர்கள். வரிசையாக மூன்று பாட்டு அவருடையதே வரும். நேயர் கோபப்பட மாட்டார், அது வேறு விஷயம். விதி வேலை செய்யவில்லை என்று மென்பொருளை மாற்றுவதற்கு முன் பெயர்களை ஒன்றாக்குங்கள். ஏற்றுவதற்கு முன்பே ஒரு எம்பி3 டேக் கருவியில் மொத்தமாகச் செய்தால் இரண்டு நாள் வேலை. ஏற்றிய பின் ஒவ்வொன்றாகச் செய்தால் இரண்டு மாதம்.

தானியங்கிக் குறிகளிலும் கவனம் வேண்டும். கோப்பை ஏற்றும்போது எங்கே ஒலி குறைகிறதோ அதுதான் முடிவு என்று மென்பொருள் தானாகக் குறி வைக்கும். சினிமாப் பாட்டுக்குச் சரி. ஆலாபனை இழைந்து அடங்கும் இடத்தையும், நாடகத்தில் வரும் அர்த்தமுள்ள அமைதியையும் அது முடிவு என்று எடுத்துக்கொள்ளும். பேச்சு, நாடகம், சாஸ்திரிய இசை வகைகளுக்கு எல்லையை மைனஸ் 40 டெசிபலுக்கும் கீழே இறக்கி வைத்துத் தனியாக ஏற்றுங்கள். கிராமத்தில் போனில் எடுத்த பேட்டி மிக மெல்லியதாகவும், புதுப் படப் பாட்டு மிகச் சத்தமாகவும் இருக்கும். எல்லாவற்றையும் ஏற்றும் முன்பே மைனஸ் 18 லஃப்ஸ் (காதுக்குப் படும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன் செய்துவிட்டால் டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் இருந்து ஒலியைச் சீராக்கும் பிராசசருக்கு வேலை குறையும், ஒலி ஏறி இறங்கி மூச்சு வாங்காது. வாட்ஸாப்பில் வரும் குரல் பதிவு ஓபஸ் வடிவில் இருக்கும். ரிவெண்டெல் அதை எடுத்துக்கொள்ளாது. எஃப்எஃப்எம்பெக் துணைக் கருவி சேர்த்த ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து வேவாக மாற்றி ஏற்றுங்கள்.

லிப்ரேடைமைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது பிரவுசரில் இயங்குவது. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் இருப்பவர் வீட்டிலிருந்தே தன் நிகழ்ச்சியை ஏற்றிவிடலாம், அவருக்கு டிஜே அனுமதி மட்டும் கொடுத்தால் மற்றவர் பட்டியலில் கை வைக்க முடியாது. நேரடி ஒலிபரப்புக்கு நிலையத்தின் பொது நுழைவு போர்ட் எண் 8001, நிகழ்ச்சி நுழைவு போர்ட் எண் 8002 என்று இரண்டு வாசல் உண்டு. ஆள் பலர், இடம் பல என்ற நிலையத்துக்கு இதற்கு இணையில்லை. ஆனால் வெளியூரில் வாடகை சர்வரில் அதை நிறுவி, இணையம் வழியாக டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டுவரும் யோசனை மலைக்கு ஆகாது. மழையில் ஃபைபர் அறுந்தால் வானொலியும் அறும், புயலுக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டிய நேரத்தில். சர்வர் டிரான்ஸ்மிட்டர் அறையிலேயே இருக்கட்டும், இணையம் பட்டியல் போட மட்டும்.

நேர மண்டலத்தையும் பாருங்கள். சர்வர் உலகப் பொது நேரத்திலேயே விடப்பட்டிருந்தால் 6 மணிக்குப் போட்ட சுப்ரபாதம் 11.30க்கு வரும். ஐந்தரை மணி நேரம் தள்ளி எது நடந்தாலும் காரணம் இதுதான், வேறு எங்கும் தேட வேண்டாம். இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி மூலம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும்படி எல்லாக் கணினிகளிலும் வையுங்கள்.

விண்டோஸ் வழி போகிறவர்களுக்கு: ஒலி அட்டை இரண்டு வேண்டும். ஒலிபரப்புக்கு உள்ள அட்டையை விண்டோஸின் இயல்பு அட்டையாக வைக்காதீர்கள். வைத்தால் மின்னஞ்சல் மணியும் அப்டேட் அறிவிப்பும் வான்வழி போகும். யுஎஸ்பி அட்டை என்றால், மின்சாரம் மிச்சம் பிடிக்க போர்ட்டைத் தூங்கவைக்கும் விருப்பத்தை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பழைய கணினியில் அதையே வைத்திருப்பீர்களானால் இணையத்திலிருந்து பிரித்து வையுங்கள். லினக்ஸ் பக்கம், ரிவெண்டெல்லை சென்ட்ஓஎஸ் 7இல் நிறுவும் பழைய வழிகாட்டிகள் இன்னும் சுற்றுகின்றன. அந்த இயங்குதளத்தின் காலம் 2024 ஜூன் 30இல் முடிந்தது. ரிவெண்டெல் 4ஐ உபுண்டு 22.04இல் நிறுவும் வழியைப் பாருங்கள்.

ரிவெண்டெல்லின் உண்மையான குறை கற்றுக்கொள்ளும் பாரம். கார்ட், கட், ஈவென்ட் (பட்டியலின் ஒரு துண்டு), கிளாக் (ஒரு மணி நேரத்தின் வடிவம்), கிரிட் (வாரத்தில் எந்த மணிக்கு எந்த கிளாக்), லாக் என்று ஆறு சொற்களின் உறவு புரியாமல் ஒரு மணி நேரப் பட்டியல்கூட உருவாகாது. வாரத்துக்கு 168 கட்டங்கள் உள்ள கிரிட்டை நிரப்பி, தினமும் லாக் உருவாக்க வேண்டும். நாளைய லாக்கை இன்று உருவாக்க மறந்தால் நள்ளிரவுக்குப் பின் ஓட ஒன்றும் இருக்காது. இதைத் தானாகச் செய்ய கட்டளை வரிக் கருவி உண்டு, ஆனால் அதை எழுத லினக்ஸ் தெரிந்த ஒருவர் வேண்டும். பொறியியல் கல்லூரி வளாக நிலையத்தில் அப்படி ஒருவர் கிடைப்பார், ஆனால் நான்கு வருடத்தில் படித்து முடித்துப் போய்விடுவார். ஆகவே நிலையான ஊழியர் ஒருவருக்கு லினக்ஸ் தெரிந்தால் மட்டும் ரிவெண்டெல். இல்லாவிட்டால் தயங்காமல் ரேடியோடிஜே. தெரிந்தவர் இல்லாத சிறந்த மென்பொருளைவிட, எல்லோருக்கும் தெரிந்த சுமாரான மென்பொருள் காற்றில் அதிக நேரம் இருக்கும்.

டேட்டாபேஸை இரவுதோறும் நகல் எடுங்கள். ரேடியோடிஜேயோடு வரும் டேட்டாபேஸ் கருவியில் நகலும் மீட்பும் இருக்கின்றன. ரிவெண்டெல்லில் ஒலிக் கோப்புகள் வெறும் கார்ட் எண், கட் எண் பெயரில்தான் இருக்கும். டேட்டாபேஸ் போனால் கையில் மிஞ்சுவது ஆயிரக்கணக்கான எண்கள்தான். எது தேவாரம், எது தெம்மாங்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிய வேண்டும்.

ஒலிபரப்பிய அனைத்தையும் மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது சமுதாய வானொலிக்கான விதி. இதை ஆட்டோமேஷன் கணினியிடம் விடாதீர்கள். அது நின்றால் சாட்சியும் நிற்கும். ஒரு சாதாரண எஃப்எம் ரிசீவரை இன்னொரு கணினியில் செருகி, காற்றில் வந்ததையே பதிவு செய்யுங்கள். 64 கிலோபிட் மோனோ எம்பி3 என்றால் மணிக்கு 29 எம்பி, இடைவிடாமல் ஓடினாலும் 90 நாளுக்கு 62 ஜிபிதான்.

கடைசிக் காவல், மௌனம் கண்டறியும் கருவி. ஒலி மைனஸ் 40 டெசிபலுக்குக் கீழே 30 விநாடி தொடர்ந்தால் மாற்று ஒலிக்குத் திருப்பும்படி வையுங்கள். 10 விநாடி என்று வைத்தால் நாடகத்திலும் மௌன அஞ்சலியிலும் பாய்ந்துவிடும். மாற்று ஒலிக்கு பென்டிரைவ் போட்ட சாதாரண பிளேயர் போதும், நான்கு மணி நேரச் சரக்கோடு. அதில் நிலையத்தின் பெயர் சொல்லும் ஜிங்கிளும் பாட்டுகளும் மட்டும் இருக்கட்டும். காலை வணக்கம், இன்றைய நாள், தேதி எதுவும் வரும் பதிவைப் போடாதீர்கள்; அந்த பிளேயருக்கு வேலை வருவது பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு.